சர்க்காரின் ஆலோசகர்களும் ஜனங்களின் பாஷையும்

குடியரசில் சர்க்கார் ஜனங்களோடு பேசுவது தயவு அன்று, கடமை. அந்தக் கடமையை உத்தியோகஸ்தர்களே நேரில் செய்தாலும், பணம் கொடுத்து அமர்த்திய வெளியாரைக் கொண்டு செய்வித்தாலும், கடமை கடமையே. சர்க்கார் இலாகாக்களுக்கும் நகரசபைகளுக்கும் திட்டம் தீட்டித் தரும் ஆலோசனைக் கம்பெனிகள் எந்தப் பாஷையில் எழுத வேண்டும், எந்த உருவத்தில் வெளியிட வேண்டும், யார் யாருக்கு எட்டும்படி வெளியிட வேண்டும் என்ற கேள்வி இன்று சில்லறை விஷயமாக ஒதுக்கப்படுகிறது. அச்சுக்கூடத்தார் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஸ்தல சுயாட்சி என்பது உண்மையா, வெறும் பெயரா என்பது இந்தச் சில்லறை விஷயத்தில்தான் வெளியாகும் என்பது நமது அபிப்பிராயம்.

நமது ஜில்லாவின் வடபாகத்தில் உள்ள துறையூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பச்சமலையின் அடிவாரம், பெரிய ஏரி, சின்ன ஏரி என இரண்டு ஏரிகள், சுற்றிலும் நெல்லும் வெங்காயமும் விளையும் நிலங்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சுமார் 32 ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். இத்தகைய ஊர் ஒன்றுக்குப் புதிதாகக் குடிதண்ணீர்த் திட்டமோ, சாக்கடைத் திட்டமோ, குப்பைக் கிடங்கோ வேண்டுமென்றால், அதை அளந்து கணக்கிட்டு எழுதக்கூடிய நிபுணர்கள் நகரசபையின் சம்பளப் பட்டியலில் இருப்பது அபூர்வம். ஆகவே டெண்டர் கூப்பிட்டு ஒரு கம்பெனியை அமர்த்துவது எங்கும் வழக்கமாகிவிட்டது. கம்பெனியின் ஆட்கள் வந்து, அளந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சில மாதங்களில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ‘விரிவான திட்ட அறிக்கை’ ஒன்று இங்கிலீஷில் வந்து சேருகிறது. பணம் ஒதுக்கும் இலாகாவுக்கு அது விளங்கும். கடன் கொடுக்கும் பாங்கிக்கும் விளங்கும். எவருடைய வீட்டு வாசலில் குழி தோண்டப்படுமோ, எவருடைய கிணற்றடியில் குப்பைமேடு எழும்புமோ, அவருக்கு மாத்திரம் விளங்காது.

சிறிய ஊரை விட்டுப் பெரிய நகரத்துக்கு வந்தாலும் முறை இதுவே. 2015-ல் மத்திய சர்க்கார் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தைத் துவக்கியபோது, நகரங்களின் திட்ட மனுக்களைத் தயாரிக்கத் தகுந்த ஆலோசனைக் கம்பெனிகளின் ஜாபிதா ஒன்றையும் தாமே வகுத்தனர். அந்தத் தயாரிப்புச் செலவுக்கென்று நகரம் ஒன்றுக்கு 2 கோடி ரூபாய் அனுமதித்தனர். 2017-ல் திருச்சிராப்பள்ளியும் அதில் சேர்க்கப்பட்டது. 2025 மார்ச் மாதத்தோடு அத்திட்டம் முடிவடைந்தது. ஆலோசகர்களைக் கொண்டு நகரத்தை அமைக்கும் பழக்கம் முடிவடையவில்லை.

நிபுணர்களை அமர்த்துவதே பிழை என்று நாம் கூறவில்லை. நோய்க்கு வைத்தியரையும் வியாஜ்யத்துக்கு வக்கீலையும் நாடுவது போல, பாலத்துக்கும் குழாய்க்கும் இஞ்சினீயரை நாடத்தான் வேண்டும். ஆனால் வைத்தியர் தம் புஸ்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போவதில்லை. நோயாளிக்கு இன்ன நோய், இன்ன மருந்து, இன்ன பத்தியம் என்று அவன் அறியச் சொல்லுகிறார். சொல்லாத வைத்தியருக்கு முழுப் பீஸும் கொடுக்க எவரும் சம்மதியார். ஜனங்களின் வரிப் பணத்தில் பீஸ் வாங்கும் ஆலோசகருக்கு மாத்திரம் இந்த நியாயம் ஏன் பொருந்தாது?

இங்கிலீஷ் அறிக்கையினால் வெளியே நிறுத்தப்படுகிறவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள். ஊரில் பெரும்பாலோர் இவர்களே. இரண்டாவது, எழுத்து வாசனையே இல்லாதவர்கள். 2011-ல் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். மற்ற 20 பேரும் வரி செலுத்துகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். பச்சமலை மேல் வாழும், மலையாளி என்று பெயர் வழங்கும் தமிழ் பேசும் பழங்குடிகளில் முதியோர் பலர் இந்த வகுப்பினர். மூன்றாவது, கண், காது முதலிய அங்கங்களில் குறைவுற்றவர்கள். அதே ஜனக்கணக்கின்படி தமிழ்நாட்டில் இவர்களின் தொகை சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். தமிழில் அச்சிட்டாலும் குருடருக்குப் பயனில்லை. ஒலிபெருக்கியில் சொன்னாலும் செவிடருக்குப் பயனில்லை. ஆகவே பாஷை என்ற பிரச்னையும், உருவம் என்ற பிரச்னையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. ஒன்றைத் தீர்த்து மற்றொன்றை விட்டால், வாசலைத் திறந்து வைத்துப் படிக்கட்டை இடித்தது போலாகும்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. தமிழே ராஜ்யத்தின் ஆட்சிமொழி என்று 1956-ல் சட்டம் இயற்றப்பட்டது. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, சர்க்கார் தாமாக வெளியிட வேண்டிய தகவல்களை, அந்தந்தப் பிரதேசத்தின் பாஷையையும், அவ்விடத்து ஜனங்களுக்குச் செய்தி நன்றாக எட்டும் முறையையும் கருத்திற் கொண்டு பரப்ப வேண்டும் என்று விதிக்கிறது. ஜனங்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதே சம்பந்தப்பட்ட விவரங்களை வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, ஊரின் பெருந்திட்டத்தைப் பற்றி ஆட்சேபம் சொல்ல ஜனங்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத தவணை உண்டு. தவணை இருந்தென்ன? தமக்குத் தெரியாத பாஷையில் எழுதியதை எதிர்த்து எவர் ஆட்சேபம் எழுதுவார்? படிக்க முடியாதவனுக்கு இரண்டு மாதமும் இரண்டு வருஷமும் ஒன்றே.

சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றிய 2006-ம் வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள். சுரங்கமோ தொழிற்சாலையோ வருமுன் அதனால் நேரக்கூடிய தீங்குகளை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டியவர்கள், சர்க்காரின் ஏற்பாட்டின்படி அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள். ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புச் செய்ய வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைப் பிரதேச பாஷையிலும் தர வேண்டும் என்பது விதி. சுருக்கம் மட்டும் தமிழில். முழு அறிக்கை இங்கிலீஷில். கிணற்று நீர் எத்தனை அடி இறங்கும், எந்தச் சர்வே நம்பர் நிலத்தில் தூசி படியும் என்பன போன்ற விவரங்கள் முழு அறிக்கையின் அட்டவணைகளில் அல்லவா இருக்கும்? எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவர் யார்? திட்டத்தை நடத்த விரும்புவோரிடம் பீஸ் வாங்கும் ஆலோசகரே! இந்த ஏற்பாட்டில் சுருக்கத்தை மாத்திரம் நம்பி ஜனங்கள் சம்மதமோ ஆட்சேபமோ சொல்ல வேண்டும் என்பது நியாயமாகாது.

இதே அறிவிப்பை மாற்றி எழுத 2020 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு நகலைத் தயாரித்தனர். ஊரடங்கு ஆரம்பித்த சமயம் அது. இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வெளியிட்டுவிட்டு, தேச மக்கள் அனைவரும் கருத்துக் கூறலாம் என்றனர். டில்லி ஹைக்கோர்ட்டு அவ்வருஷம் ஜூன் 30-ந் தேதி, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 பாஷைகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டு, கருத்துக் கூறும் தவணையையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. சர்க்கார் அந்த உத்தரவை ஏற்று நிறைவேற்றுவதற்குப் பதிலாக, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று வழக்காடினர். முதலிலேயே மொழிபெயர்த்திருந்தால் வழக்கும் இல்லை, தாமதமும் இல்லை. பாஷையை அலட்சியம் செய்வதனால் வேலை துரிதமாகும் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

இனி அங்கக் குறைவுற்றோரின் உரிமையைக் கவனிப்போம். 2016-ம் வருஷத்துச் சட்டம், அச்சிலும் ஒலியிலும் மின்னணுவிலும் வரும் விஷயங்கள் யாவும் அவர்கள் அணுகத்தக்க உருவில் இருக்கும்படி செய்வதைச் சர்க்காரின் கடமையாக்கியது. சேவை புரிவோர் சர்க்காராயினும் தனியாராயினும் நியதிகளுக்கு உட்பட்டவரே என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதன் கீழ் 2017-ல் செய்த விதிகளில் 15-வது விதி, இணையத்தில் வைக்கும் தஸ்தாவேஜுகளின் எழுத்துக்களை இயந்திரம் இனங்கண்டு படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது போன்ற நியதிகளைத் தொகுத்தது. கண் பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நடந்து, 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. காரணம் கவனிக்கத்தக்கது. விதி கடுமையாக இருந்தது என்பதல்ல குற்றம்; மெத்தனமாக இருந்தது என்பதே குற்றம். சட்டம் ‘செய்தே தீர வேண்டும்’ என்று ஆணையிட, விதியோ ‘செய்தால் நலம்’ என்ற யோசனைகளைக் கோத்து வைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் கட்டாயமான நியதிகளை வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவாயிற்று. 2025 ஏப்ரல் 30-ந் தேதி வேறொரு வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பாகம் என்றும் அதே கோர்ட்டு கூறியது.

கோர்ட்டுகள் பேசும் இவ்விஷயம் நடைமுறையில் மிகச் சாதாரணமானது. பார்வையற்றவர்கள் இன்று கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும், எழுத்தைப் படித்துச் சொல்லும் கருவியைக் கொண்டு தாமே படிக்கிறார்கள். யூனிகோடு எழுத்தில் அமைந்த தமிழை அது படிக்கும். ஆனால் காகிதத்தைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிவைத்தால் அது ஊமையாகிவிடும். அதற்கு அங்கே எழுத்தே இல்லை, படம்தான் உண்டு. ‘பாமினி’, ‘வானவில்’ முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்தாலோ, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது இயந்திரத்தின் உள்ளே இங்கிலீஷ் எழுத்துக்களின் குவியலாக இருக்கும். கருவி அதைப் பொருளற்ற ஒலியாகக் கக்கும். யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2010-லேயே ஏற்றனர். அதன் பின்னும், முத்திரை குத்திய காகிதத்தைப் படமெடுத்து ஏற்றுவதே வெளியீடு என்று எண்ணும் வழக்கம் தீரவில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்யாமலிருப்பதற்கு அசிரத்தையைத் தவிர வேறு காரணம் என்ன?

இதில் ஆலோசகரின் பொறுப்பு எங்கே வருகிறது என்று கேட்கலாம். பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பவன் தானே செய்தவனாவான் என்பது சட்டம் படித்தோர் யாவரும் அறிந்த பழைய நியாயம். சர்க்கார் தாம் செய்தால் தமிழில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்; கம்பெனியைக் கொண்டு செய்தால் அந்தக் கடமை காற்றில் கரைந்துவிடாது. ஆனால் நடப்பது என்ன? இலாகாவைக் கேட்டால் “ஆலோசகர் கொடுத்தது இதுதான்” என்கிறது. ஆலோசகரைக் கேட்டால் “ஒப்பந்தத்தில் கேட்டது இதுதான்” என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். நடுவில் ஜனங்கள் நிற்கிறார்கள். ஆகவே கோளாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலையின் வரம்பைக் கூறும் பத்திரத்தில் எத்தனை பிரதி, எந்த அளவுக் காகிதம் என்றெல்லாம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, எந்தப் பாஷை, எந்த உருவம் என்று ஒரு ஷரத்து எழுதுவது கடினமாகுமா? 1998-ம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் சட்டம் எவருக்கு வேலை கொடுக்கிறோம் என்பதில் வெளிப்படைத் தன்மையைக் கேட்கிறது. வேலை செய்தவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதிலும் அதே வெளிப்படைத் தன்மை வேண்டாமா?

பிற தேசங்கள் இவ்வழியே சென்றிருக்கின்றன. 1948-ல் இங்கிலாந்தின் கஜானா இலாகா, ஸர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அனுபவம் முதிர்ந்த உத்தியோகஸ்தரைக் கொண்டு, அதிகாரிகள் எளிய நடையில் எழுதுவது எப்படி என்று ஒரு சிறு புஸ்தகம் எழுதுவித்தது. அமெரிக்காவில் 1998-ல் திருத்திய சட்டம், மத்திய சர்க்கார் வாங்கும் மின்னணுச் சாதனங்கள் அங்கக் குறைவுற்றோரும் உபயோகிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றது. 2010-ல் சர்க்கார் தஸ்தாவேஜுகள் எளிய நடையில் இருக்க வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. ஐரோப்பாவில் 2014-ல் வகுத்த நியதி, சர்க்கார் கொள்முதலுக்கென்றே வகுக்கப்பட்டது. நம் தேசத்திலும் 2021-ல் இந்திய நியம நிறுவனம் அணுகத்தக்க மின்னணுச் சேவைகளுக்கான நியதியை வெளியிட்டுவிட்டது. ஆக, நியதி இல்லை என்ற சமாதானம் செல்லாது. அதை ஒப்பந்தத்தில் சேர்ப்பதுதான் பாக்கி.

மறுப்புக் கூறுவோர் உண்டு. தொழில் நுணுக்கங்களைச் சொல்லத் தமிழில் வார்த்தை இல்லை என்பது முதல் மறுப்பு. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-லேயே, சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்து, சகல சாஸ்திரங்களையும் தமிழில் சொல்லிக் காட்டியது. அதன் பின்னும் இந்த மறுப்பைக் கூறுவது அறியாமை. மேலும், நாம் கேட்பது ஒவ்வொரு சூத்திரத்துக்கும் தனித்தமிழ்ப் பதம் அல்ல. ‘பம்பு’, ‘வால்வு’, ‘மோட்டார்’ என்று துறையூர்க் குடியானவர் சொல்லும் வார்த்தைகளாலேயே எழுதட்டும்; அவருக்கு விளங்கினால் போதும்.

செலவு அதிகம் என்பது இரண்டாவது மறுப்பு. கோடிக் கணக்கில் போகும் திட்டத்தில் மொழிபெயர்ப்புச் செலவு கணக்கில் கடைசி வரியாகத்தான் இருக்கும். கட்டிய பிறகு ஜனங்கள் எதிர்த்து இடிக்க நேர்ந்தால் ஆகும் செலவை எவரும் இப்பொழுது கணக்கிடுவதில்லை. ஜனங்கள் அறிந்தால் கலகம் செய்வார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. வெளிப்படையாகச் சொல்லப்படாமல் மனத்தில் இருப்பது இதுவே. இந்த வாதத்தை அன்னிய ஆட்சியிடம் நாம் கேட்டதுண்டு. சுதேசி ஆட்சியிடம் கேட்கச் சித்தமாக இல்லை.

தேசிய இயக்கத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1878-ல் ‘ஹிந்து’வைத் துவக்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், இங்கிலீஷ் பத்திரிகை மாத்திரம் போதாது என்று கண்டு 1882-ல் ‘சுதேசமித்திர’னைத் துவக்கினார். 1920-ல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், தன் மாகாணக் கமிட்டிகளைப் பாஷை வாரியாகத் திருத்தி அமைத்தது. ஜனங்களின் பாஷையில் பேசாத ஸ்தாபனம் ஜனங்களைத் தட்டி எழுப்ப முடியாது என்று தலைவர்கள் உணர்ந்தனர். 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்தபோது, வழியிலுள்ள கிராமங்கள் அவர்களுக்குச் சோறு போட்டது, விஷயம் அவர்களுக்குத் தமிழில் விளங்கியதனால் அன்றோ? தேசத்தை விடுவிக்க எந்தப் பாஷை போதுமாயிருந்ததோ, அது ஒரு சாக்கடைத் திட்டத்தை விளக்கப் போதாமற் போகுமா?

2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதினார். மனிதரை இழிவுபடுத்திய அவ்வழக்கம் ஒழிய வேண்டியதே. ஆனால் பறை அறைந்தவர் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தார்: எழுத்தறியாதவர் காதிலும் விழும்படி, அவர் பாஷையில், அவர் தெருவிலேயே வந்து சொன்னார். அவருக்குப் பதிலாக வந்திருப்பது படம் பிடித்த இங்கிலீஷ் காகிதம் என்றால், மாற்றத்தினால் ஜனங்களுக்குக் கிடைத்த லாபம் என்ன?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகக் கூறுகிறோம். ஆலோசகரோடு செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பின்வரும் ஷரத்துக்கள் இடம் பெற வேண்டும். நிலம், நீர், வரி, குடியிருப்பு ஆகியவற்றைத் தொடும் பாகங்கள் முழுவதும், அட்டவணைகளும் வரைபடக் குறிப்புக்களும் உள்பட, இங்கிலீஷ் பிரதியோடு ஒரே நாளில் எளிய தமிழில் வெளிவர வேண்டும். மின்னணுப் பிரதி யூனிகோடு எழுத்தில், கருவி படித்துச் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். படங்களுக்கும் வரைபடங்களுக்கும் வார்த்தையில் விளக்கம் வேண்டும். எழுத்தறியாதவர்களுக்காக, கிராம சபையிலோ வார்டுக் கூட்டத்திலோ ஆலோசகரே நேரில் வந்து தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். செவிடர்களுக்காகச் சைகை பாஷை தெரிந்தவர் உடனிருக்க வேண்டும். ஜனங்கள் தமிழில் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை நிறைவேறின என்று ஊரார் முன்னிலையில் உறுதியாகும் வரையில், ஆலோசகரின் பீஸில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். பணத்தோடு சேராத ஷரத்து காகிதத்தில்தான் வாழும். ஆட்சேபத்துக்குரிய தவணையும், தமிழ்ப் பிரதி வெளியான நாள் முதலே கணக்கிடப்பட வேண்டும்.

ஊர்த் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராம சபை இப்பொழுது வருஷத்துக்கு 6 முறை கூடுகிறது. அங்கே திட்டம் ஒன்று பேசப்படுமாயின், அது நல்லதா கெட்டதா என்று விவாதிக்கு முன், “இதன் தமிழ்ப் பிரதி எங்கே?” என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், பிரதி கிடைக்கும் வரையில் விஷயத்தை ஒத்திவைக்கும்படி தீர்மானம் செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு, அதில் பாஷையைப் பற்றிய ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். நகரசபை அங்கத்தினர்களும் தங்களுக்கு விளங்காத அறிக்கைக்குக் கை தூக்குவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ள வேண்டும்.

ஆலோசகர்கள் கற்றவர்கள், வழக்கத்தினால் இங்கிலீஷில் எழுதுகிறார்களேயன்றி விரோதத்தினால் அல்ல. கேட்டால் தமிழிலும் தருவார்கள். கேட்க வேண்டியவர்கள் சர்க்கார். கேட்கும்படி சர்க்காரைச் செய்ய வேண்டியவர்கள் ஜனங்கள். இனி வரும் டெண்டர் பத்திரங்களிலேயே மேற்கண்ட ஷரத்துக்களைச் சேர்த்து, தமிழ்நாட்டு சர்க்கார் தாம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டத்துக்குத் தாமே கௌரவம் தேடிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.